மூன்றாம் இனத்துப் பிள்ளை

சேசு மரியே சூசையே துணை

ஆவூர்
12 சனவரி 1958

அன்புள்ள மச்சானுக்கு வியாகுலமேரி எழுதிக்கொண்டது.

இங்க நானும் அத்தையும் செல்வியும் சுகம். பம்பாய் போய்ச் சேர்ந்துட்டேன்னு ஒரு கார்டு போட்டிருந்தீங்க. ரெண்டே வரி. அதுல பிள்ளை பேரே இல்ல.

மனசுல வச்சுக்கிட்டுப் புழுங்க எனக்குத் தெரியாது, கேட்டுடறேன். வருசம் பூரா காத்திருந்து கிறிஸ்மசுக்கு வந்தீங்க. வந்த நாள்ல இருந்து போற நாள் வரைக்கும் செல்விய ஒரு தடவை தூக்கினீங்களா? "அப்பா"ன்னு ஓடியாந்தவளப் பாத்து ரெண்டடி பின்னால போனீங்களே, அத நான் அடுப்படியில இருந்து பாத்தேன். யாரோ ஊரான் வீட்டுப் பிள்ளையக் கூட அப்படிப் பாக்க மாட்டாங்க. நாலு வயசுப் பிள்ளைக்கு அது புரியாதுன்னு நெனச்சீங்களா? புது வருசப் பூசைக்குக் கூட இருக்காம ராத்திரி ரயிலுன்னு கெளம்பிட்டீங்க.

அவ வெள்ளையாப் பொறந்தது இன்னைக்கு நேத்தா தெரியும்? திருச்சி டாக்டரம்மா நம்ம ரெண்டு பேரையும் உக்கார வச்சுத்தான சொன்னாங்க? தோலுக்கும் முடிக்கும் நிறம் ஊறல, அதனாலதான் கண்ணு கூசுது, கண்ணுமணி ஆடுது, வேற ஒரு நோயும் இல்லன்னு. அப்ப நீங்க சரி சரின்னு தலையாட்டினீங்க.

மத்தபடி உங்க மக சேட்டைக்குக் கொறச்சல் இல்ல. நேத்து அத்தையோட ஊறுகாய்ச் சாடிக்குள்ள கைய விட்டு உப்பு நாரத்தங்காயத் தின்னு தீத்துட்டா. அத்தை வெளக்குமாத்தத் தூக்கிக்கிட்டு வீட்டைச் சுத்தி ஓடுறாங்க.

வெயில் வரப்போகுது. அவளுக்குக் கறுப்புக் கண்ணாடி வேணும்னு போன வருசமே சொன்னேன். பம்பாயில கெடைக்காததா? பதில் போடுங்க. ரெண்டு வரி போட்டா சண்டைக்கு வருவேன்.

வியாகுலமேரி


பம்பாய்
20 சனவரி 1958

அன்புள்ள மேரிக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அம்மாவிடம்கூடச் சொல்லாதே.

நான் பிள்ளையைத் தூக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். தூக்கப் பயந்தேன். காரணத்தை நேரில் சொல்ல வாய் வரவில்லை.

என் அறையில் தங்கியிருக்கும் தங்கமுத்து அண்ணனைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். யுத்தத்தின்போது பர்மா பக்கம் அமெரிக்க ராணுவ முகாமில் டைப்பிஸ்டாக இருந்தவர். முகாமைக் கலைத்தபோது எரிக்கச் சொல்லிக் கொடுத்த காகிதங்களில் ஒரு பைலை மட்டும் எரிக்காமல் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் ரகசியம் என்று சிவப்பு முத்திரை. நானே கண்ணால் பார்த்தேன். ருஷ்யாக்காரன் வானத்தில் உருண்டை விட்டான் என்று உலகமே வாயைப் பிளக்கிறதே, அவன் சும்மா விடவில்லை மேரி. அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் விட்டிருக்கிறான்.

அங்கிருந்து வருகிறவர்கள் மூன்று இனம் என்று பைலில் இருக்கிறது. முதல் இரண்டு இனத்தைப் பற்றி உனக்கு வேண்டாம், நீ தூங்க மாட்டாய். மூன்றாம் இனம் நம்மைப்போலவே இருக்கும். தோல் வெளுத்திருக்கும். முடி சோளக்கதிர்ப் பூப்போல இருக்கும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. கண்மணி நிலையாக நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். இவர்களைக் குழந்தையாகவே கொண்டுவந்து மனிதர் வீட்டில் மாற்றி வைத்துவிட்டுப் போவார்களாம்.

இதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. நீ அவளைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

மரியசூசை


சேசு மரியே சூசையே துணை

ஆவூர்
28 சனவரி 1958

மச்சானுக்கு,

படிச்சதும் சிரிச்சேன். அப்புறம் இன்னொரு தடவை படிச்சேன், சிரிப்பு வரல. உங்க கடுதாசியில தலைப்புல சேசு மரியே சூசையே இல்ல. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீங்க அது போடாம ஒரு கார்டு போட்டதில்ல. அதப் பாத்ததும்தான் நீங்க விளையாட்டுக்கு எழுதலன்னு தெரிஞ்சுச்சு.

நான் பள்ளிக்கூடத்து டீச்சர் மச்சான், நாலு கேள்வி கேக்காம விட மாட்டேன். அந்தப் பைல்ல கையெழுத்துப் போட்டது யாரு? அமெரிக்காக்காரன் உலகத்துக்கே தெரியாம மறச்ச சங்கதி, மூட்டைப்பூச்சிக் கட்டில்ல படுத்திருக்க தங்கமுத்து பெட்டியில வந்து எப்படி உக்காந்துச்சு? முத்திரைங்கிறீங்க. ரப்பரும் செதுக்க ஒரு ஆளும் இருந்தா நம்ம கீரனூர்லயே செஞ்சுக்கலாம். அவ்வளவு ஒசரத்துல இருந்து எறங்கி வர்றவனுக்கு டெல்லி இல்லையா, மதராசு இல்லையா, ஆவூர்ல நம்ம ஓட்டு வீடுதான் கெடைச்சுதா?

மாத்தி வச்சாங்களாம். எப்ப மாத்தினாங்க? பெத்தது நானு. பிள்ளை தலை வெளிய வந்தப்பவே "என்னடி இது பஞ்சு மாதிரி முடி"ன்னு கத்தினது மருத்துவச்சி ராசாத்தி. அவ உசுரோடதான் இருக்கா, வந்து கேளுங்க.

கடுதாசிய எரிக்கல. எரிக்க மாட்டேன். உங்க மக என்மேல காலத் தூக்கிப் போட்டுக்கிட்டுத்தான் தூங்குறா. கண்ணாடி என்ன ஆச்சு?

வியாகுலமேரி


பம்பாய்
8 பிப்ரவரி 1958

மேரி,

உன் கடிதத்தை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. மறுநாள் பெட்டியைத் திறந்து ஒரு பக்கத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அதில் என்ன இருக்கிறது தெரியுமா? தாய் மறுப்பாள், கேலி செய்வாள், பிரசவம் பார்த்த மருத்துவச்சியைச் சாட்சிக்குக் கூப்பிடுவாள் என்று இருக்கிறது. மருத்துவச்சி என்ற வார்த்தை அப்படியே இருக்கிறது மேரி.

உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்குத் தெரியாமல்தான் நடந்திருக்கும். நம்முடைய சொந்தப் பிள்ளை எங்கே இருக்கிறதோ என்று நினைத்தால் எனக்கு வேலை ஓடவில்லை. கோடவுனில் மூட்டை எண்ணிக்கை தப்பி மேஸ்திரியிடம் ஏச்சு வாங்குகிறேன்.

நீ ஒன்று செய். அவள் என்ன சாப்பிடுகிறாள், எதை ஒதுக்குகிறாள், எதைக் கண்டு பயப்படுகிறாள் என்று கவனித்து எழுது. அண்ணன் பைலோடு ஒத்துப்பார்ப்பார். நீ கேட்க மாட்டாய் என்று அம்மாவுக்கும் தனியாக எழுதிவிட்டேன்.

மரியசூசை


சேசு மரியே சூசையே துணை

ஆவூர்
20 பிப்ரவரி 1958

மச்சானுக்கு,

நல்ல காரியம் செஞ்சீங்க. அத்தைக்கு எழுத்துத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? அவங்க எங்கிட்டக் காட்டாம, டீக்கடை வெள்ளைச்சாமிகிட்டக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்காங்க. அவன் ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி கடை பூரா கேக்க வாசிச்சிருக்கான். சாயங்காலத்துக்குள்ள அன்னவாசல் வரைக்கும் போயிருச்சு.

நேத்து விபூதிப் புதன். சாம்பல் பூசிக்க செல்வியக் கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போனேன். நாங்க முட்டி போட்ட எடத்துல இருந்து பொம்பளைக சத்தமில்லாம நகர்ந்து போனாளுக. திரும்பி வர்றப்ப எங்கிருந்தோ ஒரு கல்லு வந்து பிள்ளை முதுகுல விழுந்துச்சு. அவ அழல. "அம்மா, நான் என்ன செஞ்சேன்?"னு கேட்டா. அவள இடுப்புல தூக்கிக்கிட்டு ஓடியாந்தேன்.

இன்னொரு கூட்டம் அங்கிட்டு நிக்குது. அவ சம்மனசாம், தேவதூதராம். அவ கால்ல விழுந்து கும்பிடுறாங்க. ஈஸ்டருக்குப் போடுற பாஸ்கா நாடகத்துல சம்மனசா கல்லறைமேல உக்கார வைக்கக் கேட்டு ஆள் வருது. நான் விடல. இன்னைக்குக் கும்பிடுற கைதான் நாளைக்கு மழை பெய்யலன்னா கல்ல எடுக்கும். எம்பிள்ளைய யாரும் பிள்ளையாப் பாக்க மாட்டேங்கிறாங்களே, நான் எங்க போய் முட்டிக்கிறது?

அத்தை அவளுக்குச் சோறு போடுறதில்ல. போட்டாலும் தட்டத் தள்ளி விடுறாங்க.

கவனிச்சு எழுதச் சொன்னீங்க. மறைக்கக் கூடாதுன்னு எழுதுறேன். ஒண்ணு இருக்கு. அவளுக்கு உப்பு ஆகல. உப்பு நாக்குல பட்டா நெருப்பு பட்ட மாதிரி துடிக்கிறா, துப்பிடறா. உப்பில்லாத கஞ்சிதான் குடிக்கிறா. இது ஏன்னு உங்க அண்ணன்கிட்டக் கேட்டு எழுதுங்க.

வியாகுலமேரி


பம்பாய்
3 மார்ச் 1958

மேரி,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நீ உப்பைப் பற்றி எழுதியதை அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. இதுவரை யாருக்கும் காட்டாத பக்கம் ஒன்று இருக்கிறது என்றார். அன்று தரவில்லை, மறுநாள் வேலை முடிந்து வந்ததும் கொடுத்தார். அதில் தெளிவாக இருக்கிறது: மூன்றாம் இனத்துக்கு உப்பு ஆகாது, நாக்கை எரிக்கும். நீ எழுதிய நெருப்பு என்ற சொல்லே இருக்கிறது. இனிமேலும் என்ன சந்தேகம் வேண்டியிருக்கிறது? நீயே கண்ணால் பார்த்துவிட்டாய்.

அண்ணனுக்குத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். இப்படிப்பட்ட குழந்தைகளைப் பத்திரமாக வாங்கி அவர்களுடைய இனத்தோடு சேர்ப்பவர்கள். அடிக்க மாட்டார்கள், ஒன்றும் செய்ய மாட்டார்கள். அதன்பிறகு நம்முடைய பிள்ளை திரும்பி வரலாம் என்கிறார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் அண்ணனும் நானும் ஊருக்கு வருகிறோம். அவளுடைய துணிமணியைக் கட்டி வை. கீரனூரில் இருக்கும் உன் தம்பி ஜெபமாலைக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவன் அடிக்க வருவான்.

மனசைக் கல்லாக்கிக்கொள். நானும் அப்படித்தான் இருக்கிறேன்.

மரியசூசை


சேசு மரியே சூசையே துணை

ஆவூர்
11 மார்ச் 1958

மச்சானுக்கு,

இந்தக் கடுதாசிய அந்த ஆள்கிட்டக் காட்டாதீங்க. ஒரே ஒரு தடவை, நீங்க மட்டும் படிங்க.

உப்பு சங்கதி பொய். நான் இட்டுக்கட்டி எழுதினது.

நான் மருத்துவச்சின்னு எழுதினேன், அடுத்த கடுதாசியில மருத்துவச்சி பைலுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டா. அப்பவே எனக்குப் பொறி தட்டிச்சு. சரி, இல்லாத ஒண்ண எழுதிப் பாப்போம்னு எழுதினேன். அதுவும் பைல்ல வந்துருச்சே! ஆவூர் அடுப்படியில உக்காந்து நான் போன மாசம் சொன்ன பொய்யி, யுத்த காலத்து அமெரிக்காக்காரனுக்கு எப்படித் தெரியும்? நெருப்புங்கிற வார்த்தை வரைக்கும்? யோசிங்க. நீங்க வாசிச்சுக் காட்டுறீங்க, அந்த ஆள் மறுநாளைக்குள்ள டைப் அடிக்கிறான்.

ஆயிரம் பொய் இருக்க ஏன் உப்பச் சொன்னேன் தெரியுமா? உங்களுக்கு ஞாபகம் வரும்னு நம்பினேன். செல்விக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்னைக்குச் சாமியார் உப்ப எடுத்து அவ நாக்குல வச்சாரு. மத்த பிள்ளைக வீல்னு கத்துங்க. இவ சப்புக்கொட்டினா. நீங்க கோயிலுன்னும் பாக்காம சிரிச்சுட்டு, "எம்மகளுக்கு இன்னும் கொஞ்சம் வைங்க சாமி"ன்னு கேட்டீங்க. சாமியார் மொறைச்சாரு. அந்த உப்ப மறந்துட்டீங்களே மச்சான்! நாரத்தங்காய்ச் சாடிய எழுதினேனே, அதையும் மறந்துட்டீங்களே! நான் பைல்ல அது வருமான்னு காத்திருந்தேங்கிறத விட, இல்லடி மேரி, அவ உப்புத் தின்னுவாளேன்னு நீங்க எழுதுவீங்கன்னுதான் காத்திருந்தேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நீங்க ஏன் இத நம்பினீங்கன்னு எனக்குத் தெரியும். பிள்ளை பொறந்ததுல இருந்து உங்க காதுபட, எந்த வெள்ளைக்காரத் தொரையப் பாத்தாளோன்னு பேசினாங்க. நீங்க எங்கிட்டக் கேக்கல. கேட்டிருந்தா மொகத்துல அடிச்ச மாதிரி பதில் சொல்லியிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். கேக்காம உள்ளயே வச்சிருந்தீங்க. என்னச் சந்தேகப்படுறதுக்கு வானத்தச் சந்தேகப்படுறது உங்களுக்குச் சுலபமாப் போச்சு. அதுக்கு எம்பிள்ளையா பலி?

நம்பலன்னா நீங்களும் ஒரு பொய்யச் சொல்லிப் பாருங்க.

பள்ளிக்கூடத்துல பரிட்சை நடக்குது. முடிஞ்சதும் செல்வியக் கூட்டிக்கிட்டு ஜெபமாலை வீட்டுக்குப் போயிருவேன். அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். எனக்குப் பயமா இருக்கு மச்சான். வானத்துல இருந்து வர்றவனுக்கு இல்ல. பஸ்ஸ விட்டு எறங்கி வரப்போற உங்களுக்குப் பயந்து கதவுக்கு உலக்கைய முட்டுக் கொடுத்துட்டுப் படுக்குறேன்.

வியாகுலமேரி


சேசு மரியே சூசையே துணை

பம்பாய்
20 மார்ச் 1958

மேரி,

தந்தி கொடுத்துவிட்டேன். அது முந்துமா இது முந்துமா தெரியவில்லை. செல்வியை வாசலுக்குக்கூட விடாதே.

நீ சொன்னபடி செய்தேன். பிள்ளை கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள் என்று மேரி எழுதியிருக்கிறாள் என்றேன். மணியோசை ஆகாது என்று மறுநாளே பக்கம் வந்துவிட்டது. தொட்டால் விரலில் மை ஒட்டியது.

அவன் குளிக்கப் போனபோது பெட்டியைத் திறந்தேன். வெறும் காகிதம், முத்திரைக் கட்டை, ஒரு பழைய டைப்ரைட்டர். அடியில் ஒரு நோட்டீசு, அச்சுக்குக் கொடுக்க எழுதி வைத்தது. பொருட்காட்சிக் கூடாரத்துக்கு. "வான மண்டலத்து வெள்ளைக் குழந்தை. உப்புத் தின்னாது, ஒளி காணாது. நேரில் காண்பீர்." ஊர் ஊராகக் கூண்டில் வைத்துக் காட்டவா என் மகளைக் கேட்டான்? படித்துவிட்டு வாந்தி எடுத்தேன்.

அன்றைக்கே அவன் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். வேலைக்குப் போய் வந்து பேசிக்கொள்ளலாம் என்று போனேன். உப்பு பொய் என்று நீ எழுதிய கடிதம் கொடியில் தொங்கிய என் சட்டைப்பையில் இருந்தது. திரும்பி வந்தால் ஆளும் இல்லை, பெட்டியும் இல்லை, உன் கடிதமும் இல்லை. மேரி, அவனுக்கு நம் வீடு தெரியும். எந்த பஸ், எந்த முக்கில் இறங்க வேண்டும், அவள் என்ன சொல்லிக் கூப்பிட்டால் வருவாள், எல்லாம் தெரியும். எல்லாம் நான் சொன்னதுதான்.

மாற்று ஆள் வராமல் மேஸ்திரி விடமாட்டேன் என்கிறார். குருத்து ஞாயிறுக்குள் வந்துவிடுவேன்.

தொரை என்று நீ எழுதியது உண்மைதான். உன்னிடம் கேட்காதது என் தப்பு.

மரியசூசை


சேசு மரியே சூசையே துணை

கீரனூர்
26 மார்ச் 1958

மச்சானுக்கு,

தபால்ல போட்டா இது வந்து சேர்றதுக்குள்ள நீங்க கெளம்பியிருப்பீங்க. பஸ் ஸ்டாண்டுல ஜெபமாலை நிப்பான். அவன் இதக் கொடுப்பான். படிச்சுட்டு அவன்கூட வாங்க. அடிக்க மாட்டான், சத்தியம் வாங்கியிருக்கேன்.

தந்தியும் வந்துச்சு, அந்தத் தங்கமுத்துவும் வந்தான். அவன்தான் மொதல்ல வந்தான்.

நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, கையில முட்டாயோட வந்திருக்கான். உங்க சிநேகிதன், நீங்க ரோட்டு முக்குல நிக்கிறதா அத்தைகிட்டச் சொல்லியிருக்கான். "செல்விக்குட்டி, அப்பா கூப்பிடுறாரு"ன்னானாம். நீங்க கூப்பிடுறதுக்குத்தான அவ ஏங்கிக் கெடந்தா? செருப்புக்கூடப் போடாம அவன் கையப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டா மச்சான்.

அத்தை மொதல்ல தடுக்கல. போகட்டும், தொல்லை விட்டுச்சுன்னு இருந்தேன்னு அவங்களே எங்கிட்ட அழுதாங்க. என் கடுதாசியப் படிச்சிருந்தும், நோட்டீசுக்கு எழுதி எழுதி வாயில ஊறிப்போச்சோ என்னமோ, அவன் போற போக்குல, "இனி உங்களுக்குக் கவலை இல்லம்மா, உப்புத் தின்னாத பிள்ளை வீட்டுக்கு ஆகாது"ன்னு சொல்லியிருக்கான். அத்தைக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆச்சாம். உப்புத் தின்னாததா? எஞ்சாடிய நக்கிக் காலி பண்ண சிறுக்கியா? அப்படீன்னா இவன் யாருன்னு வெளக்குமாத்தோட ஓடியிருக்காங்க. பஸ்ஸுல ஒரு காலு வச்சுட்டான். அத்தை போட்ட கூச்சல்ல டீக்கடை பூரா எந்திரிச்சு வந்துருச்சு. வெள்ளைச்சாமிதான் பிள்ளையப் பறிச்சிருக்கான். அந்தத் தங்கமுத்து சட்டை கிழிய ஓடிட்டான், பிடிக்க முடியல. எங்க இருக்கானோ தெரியல. ஒவ்வொரு பஸ்ஸு நிக்கிறப்பவும் யாரு எறங்குறான்னு வெளிய வந்து பாக்குறேன்.

செல்வி அழுததெல்லாம் அவனுக்குப் பயந்து இல்ல. முக்குல அப்பா இல்லையேன்னுதான்.

அன்னைக்கே செல்வியத் தூக்கிக்கிட்டு இங்க ஜெபமாலை வீட்டுக்கு வந்துட்டேன், அத்தை இப்ப தினம் வந்து அவளுக்கு ஊட்டி விட்டுட்டுப் போறாங்க. கல்லெறிஞ்ச தெருவுக்கு உடனே திரும்பிப் போக எனக்குத் தைரியம் இல்ல. உங்கமேல கோவம் பாதி போயிருச்சு, பயம் போகல. நோட்டீசப் பாத்து வாந்தி எடுத்தேன்னு எழுதியிருக்கீங்க, நம்புறேன். ஆனா அவ ஓடி வந்து காலக் கட்டுறப்ப உங்க உடம்பு பின்னால போகாதுன்னு எனக்கு யாரு சொல்லுவா?

அதனால ஒண்ணு சொல்றேன். பகல்ல வாங்க. உங்க எலையில சோறு வைப்பேன், ஓரத்துல உப்பு வைப்பேன். செல்வி பக்கத்துல உக்காருவா. அந்த உப்புல கொஞ்சம் எடுத்து உங்க கையால அவ நாக்குல வைங்க. அன்னைக்குச் சாமியார் வச்ச மாதிரி. நான் எதுக்க நின்னு உங்க விரலத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். நடுங்கலன்னா நாம மூணு பேரும் ஒண்ணா ஆவூருக்குப் போவோம், கல்லெறியிறவன் எறியட்டும், நீங்க முன்னால நடங்க. நடுங்கிச்சுன்னா சாப்பிட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிருங்க, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவகிட்டயும் லீவு இல்லன்னு சொல்லிக்கிறேன்.

வியாகுலமேரி

கறுப்புக் கண்ணாடி வாங்கினீங்களா? வெயில் ஏறிப்போச்சு. அப்பாவப் பாக்கணும்னு காலையில இருந்து கண்ணச் சுருக்கிக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறா.